சூடானதும் நின்றுவிடும் பழைய மோட்டார் சைக்கிள்: அறிகுறி பார்த்துப் பிழை காணும் முறை

காலையில் முதல் உதையிலேயே கிளம்பும் வண்டி, பதினைந்து இருபது நிமிடம் குறையில்லாமல் ஓடிவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு திருப்பத்திலோ நிறுத்தத்திலோ அணைந்துவிடும். எத்தனை முறை உதைத்தாலும் உயிர் வராது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்திவைத்தால் எதுவுமே நடவாதது போல மீண்டும் கிளம்பி, ஏறக்குறைய அதே நேரம் ஓடி, மறுபடியும் நிற்கும். பழைய வண்டியை வாங்கியவர்கள் சந்திக்கும் கோளாறுகளில் மனத்தை மிகவும் சோர வைப்பது இதுதான். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது எஞ்சின் ஆறியிருக்கும். ஆறிய எஞ்சினில் கோளாறு தென்படாது. கண்ணில் படாத கோளாறைத் தேடுகிறவர் ஊகத்தின் பேரில் முதலில் பிளக்கை மாற்றுவார், அடுத்து கார்புரேட்டரைக் கழுவுவார், அதற்கும் அடுத்து, பொறி எழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான சிடிஐ பெட்டியை மாற்றச் சொல்வார். உரிமையாளரின் பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும்.

ஆகவே இந்தப் பிழையைப் பிடிக்க வேண்டிய இடம் பட்டறை அன்று, வண்டி நின்ற அந்தச் சாலையோரம்தான். நின்ற முதல் இரண்டு மூன்று நிமிடங்களில், சூடு குறைவதற்குள் பார்த்துவிட்டால், பெரும்பாலான நேரங்களில் காரணம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெளிவாகிவிடும். கார்புரேட்டர் பொருத்திய, காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மற்ற வகைகளுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

சோதனைக்குக் கிளம்பும் முன்

முந்தைய உரிமையாளர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பது தெரியாத வண்டியில் சில அடிப்படை வேலைகளை முடித்துவிட்டுத்தான் தேடலைத் தொடங்க வேண்டும். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யவும் அல்லது மாற்றவும். கையேட்டில் சொன்ன எண்ணுள்ள புதிய ஸ்பார்க் பிளக்கைப் போடவும். நாள்பட்ட பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பவும். பேட்டரி முனைகளின் பூஞ்சணத்தைத் துடைத்து, திருகுகளை இறுக்கவும். எஞ்சின் ஆயிலின் அளவைப் பார்க்கவும். இவற்றைச் செய்த பிறகும் கோளாறு தொடர்ந்தால், ஒரு சிறிய பையில் பிளக் ஸ்பேனர், நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு பிளக், ஸ்குரூ டிரைவர், மல்டிமீட்டர், கையுறை, ஒரு கண்ணாடிக் குப்பி, ஒரு முழ நீள பெட்ரோல் குழாய், நல்ல துணி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, வண்டி வழக்கமாக நிற்கும் தூரம் வரை ஓட்டிச் செல்லவும். போக்குவரத்து இல்லாத, ஒதுங்கி நிற்க இடமுள்ள சாலையாக அது இருக்க வேண்டும்.

ஓட்டும்போதே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். எஞ்சின் எப்படி நின்றது என்பதே முதல் தடயம். சாவியைத் திருப்பியது போலச் சட்டென்று அணைந்ததா, இருமியும் இழுத்தும் மெல்ல மெல்லச் செத்ததா, ஆக்சிலேட்டரை விட்ட பிறகு ஐட்லிங்கில் மட்டும் நின்றதா, அல்லது சக்தி குறைந்து எஞ்சின் இறுகுவது போல உணர்ந்தீர்களா? இந்த நான்கும் வெவ்வேறு நோய்கள். இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த உரிமையாளர், மெக்கானிக்கின் வேலையில் பாதியைத் தாமே முடித்துவிடுகிறார்.

நின்ற உடனே பார்க்க வேண்டியவை

சாவியை அணைக்காமல் முதலில் நியூட்ரல் விளக்கு எரிகிறதா, ஹாரன் வழக்கம் போல ஒலிக்கிறதா என்று பார்க்கவும். அடுத்து டேங்க் மூடியைத் திறக்கவும். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டதா என்று காது கொடுத்துக் கேட்டபின், ஒரு நிமிடம் விட்டு உதைத்துப் பார்க்கவும். கிளம்பவில்லையென்றால் மூடியை மீண்டும் இறுக மூடிவிட்டுத்தான் பிளக்கைக் கழற்ற வேண்டும். திறந்த டேங்குக்கு அருகில் தீப்பொறியை உண்டாக்கும் சோதனை எதையும் ஒருபோதும் செய்யக் கூடாது.

பிளக்கைக் கழற்றியதும் அதன் முனை நனைந்திருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா, கருத்திருக்கிறதா என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளவும். பின்னர் உடன் எடுத்துவந்த நல்ல பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினின் வண்ணம் பூசாத ஒரு பகுதியில் அழுத்தி வைத்து, கிக்கரை உதைத்துப் பார்க்கவும். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வேகமாக வெளியேறும் என்பதால் துளையைத் துணியால் மூடி, பொறி விழும் இடத்தைத் துளையிலிருந்து இயன்ற அளவு விலக்கி வைக்க வேண்டும். உலோக உடல் எர்த்தில் நன்றாகத் தொட்டிருப்பது மிக முக்கியம். எர்த் இல்லாமல் உதைத்தால் உயர் மின்னழுத்தம் போக வழியின்றி, அதை உண்டாக்கும் இக்னிஷன் காயிலையும் சிடிஐ பெட்டியையும் கெடுத்துவிடக்கூடும். நல்லதாக இருந்த பாகம் சோதனையிலேயே சாவது அப்படித்தான். நீலநிறத்தில், கேட்கும்படியான சொடுக்குடன் வரும் பொறி நல்ல பொறி. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வருவது நல்லதன்று. திறந்த வெளியில் தெரியும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட காற்றில் எழாமல் போகலாம் என்பதால், இடைவெளியைக் கூட்டி வைக்கக்கூடிய பொறிச் சோதனைக் கருவி கிடைத்தால் அதையே பயன்படுத்தவும். ஏறத்தாழ 6 மி.மீ. இடைவெளியைத் தாண்டும் பொறியை நம்பலாம்.

கடைசியாக, பிளக்கை மீண்டும் பொருத்திவிட்டு, சாவியை அணைத்து, கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாக அழுத்தவும். காலையில் குளிர்ந்திருந்தபோது இருந்த எதிர்ப்பு இப்போதும் இருக்கிறதா? இந்தக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் மின்சாரத்திலும் பெட்ரோலிலும் மாதக்கணக்கில் தேடியும் கிடைக்காத விடை பல வண்டிகளில் இதில்தான் இருக்கிறது.

சட்டென்று அணைந்தால்

எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஓடும் வேகத்திலேயே எஞ்சின் அணைந்ததென்றால் மின்சாரப் பக்கமே சந்தேகம் போக வேண்டும். அதிலும் இரண்டு கிளைகள் உண்டு. விளக்கும் ஹாரனும் சேர்ந்து போயிருந்தால் பேட்டரி முனை, ஃபியூஸ், சாவி சுவிட்ச், முதன்மை எர்த் கம்பி ஆகியவற்றில் ஒன்றில் இணைப்பு விடுபடுகிறது. பேட்டரி இல்லாமல், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டிலிருந்தே பொறிக்கு மின்சாரம் எடுக்கும் வண்டியில் விளக்கு ஒரு தடயமாகாது என்பதை நினைவில் வைக்கவும். விளக்குகள் சரியாக எரிய, பொறி மட்டும் இல்லையென்றால் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், இக்னிஷன் காயில், பொறி எழ வேண்டிய கணத்தைச் சிடிஐக்கு அறிவிக்கும் பிக்கப் காயில், சிடிஐ என்ற வரிசையில் தேட வேண்டும்.

பழைய வண்டியின் கம்பிகள் ஹேண்டிலின் கழுத்துப் பகுதியில் பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்ந்திருக்கும். உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசி ஓரிரு இழைகளின் தயவில் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பியும், கம்பிகளை இணைக்கும் கப்ளர்களை ஒவ்வொன்றாக அசைத்தும் பார்த்தால் இது அகப்படும். வண்டி நின்ற நிலையில் சாவியைப் போட்டு, பேட்டரியின் மின்னழுத்தத்தையும், பேட்டரியிலிருந்து காயிலுக்கோ சிடிஐ பெட்டிக்கோ வரும் கம்பியின் மின்னழுத்தத்தையும் அளக்கவும். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், வழியில் ஏதோ ஒரு சுவிட்சோ இணைப்போ மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. முந்தைய உரிமையாளர் பொருத்திய கூடுதல் விளக்கு, அலாரம், பெரிய ஹாரன் போன்றவற்றை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். இவற்றுக்கான மின்சாரத்தைப் பலர் இக்னிஷன் கம்பியை நடுவில் வெட்டி, முறுக்கி, நாடா சுற்றி எடுத்திருப்பார்கள். அத்தகைய முறுக்குகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, மூலக் கம்பியை ஒழுங்காகச் சேர்த்த பிறகே மேலே செல்லுமாறு வலியுறுத்துகிறேன்; அதைச் செய்யாமல் புதுப் பாகம் வாங்குவது வீண்.

இணைப்புகள் சரியென்றால் அடுத்தது காயில்கள். இக்னிஷன் காயிலுக்குள் மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். சுற்றுகளுக்கு இடையே உள்ள காப்பு நாள்பட்டுத் தேய்ந்தால், குளிரில் தாங்கும்; சூட்டில் விரிந்து உள்ளுக்குள்ளேயே பொறி தாவிவிடும். கம்பியில் விரிசல் இருந்தாலும் குளிரில் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விலகும். பிக்கப் காயிலுக்கும் இதே கதிதான். மேக்னெட் மூடிக்குள் எஞ்சினின் சூட்டை நேரடியாக வாங்கிக்கொண்டிருப்பதால், சூடானால் மட்டும் நிற்கும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

மல்டிமீட்டரால் அளக்கும்போது ஒரு தவறான முடிவுக்கு வராமல் இருக்க வேண்டும். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். ஆகவே 30 பாகையில் 200 ஓம் காட்டிய பிக்கப் காயில் 90 பாகையில் சுமார் 245 ஓம் காட்டினால் அது முற்றிலும் இயல்பானது. குளிரில் அளந்த எண்ணையும் சூட்டில் அளந்த எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடவும். எண் எல்லையற்றதாகப் பாய்ந்தாலோ, கம்பியை அசைக்கும்போது தாவினாலோ, இயல்பான உயர்வைப் போல இரு மடங்கு மும்மடங்கு கூடினாலோதான் பழுது. சுற்றுகளுக்கு இடையேயான காப்புப் பழுது மீட்டரின் சிறிய மின்னழுத்தத்தில் பெரும்பாலும் வெளிப்படாது என்பதால், நல்ல எண் கிடைத்தது என்பதற்காக மட்டும் காயிலை விடுதலை செய்துவிடக் கூடாது.

அதற்கு எளிய ஒரு சோதனை உண்டு. வண்டி நின்று, பொறி இல்லை என்று உறுதியானதும், சாவியை அணைத்துவிட்டு, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை இக்னிஷன் காயிலின் உடல் மீது மட்டும், மின்முனைகளில் படாமல், சில நிமிடம் சுற்றி வைக்கவும். எஞ்சின் இன்னும் சூடாக இருக்கும்போதே பொறி திரும்பிவிட்டால் காயில்தான் குற்றவாளி. திரும்பவில்லையென்றால் பிக்கப் காயிலின் கப்ளரைக் கழற்றி அங்கேயே அளக்கவும். வீட்டில் இதையே மறுபுறமாகச் செய்யலாம்: ஆறிய வண்டியில் தலைமுடி உலர்த்தும் கருவியால் ஒரு பாகத்தை மட்டும் தனியாகச் சூடேற்றி, பொறி மறைகிறதா என்று பார்க்கலாம். பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். சிடிஐ பெட்டிக்கு இந்த முறையே மிகவும் ஏற்றது, ஏனெனில் அதை மீட்டரால் நம்பகமாக அளக்க வழியில்லை.

பிளக் கேப்பையும் மறந்துவிடலாகாது. பல கேப்களுக்குள் 5 கிலோ ஓம் அளவுள்ள ஒரு மின்தடை இருக்கும். அது வெடித்துப்போயிருந்தால் குளிரில் வேலை செய்து சூட்டில் ஏமாற்றும். கேப்பைத் திருகிக் கழற்றி, உயர் மின்னழுத்தக் கம்பியின் முனையில் பச்சை பூத்த பகுதியை அரை சென்டிமீட்டர் அளவு வெட்டிவிட்டு மீண்டும் திருகினாலே சில வண்டிகள் குணமாகிவிடுகின்றன.

சிடிஐ வருவதற்கு முந்தைய, பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை எழுப்பும் தொடுமுனைகள்) பொருத்திய வண்டியாக இருந்தால், சந்தேகம் முதலில் அந்த முனைகளைக் காக்கும் கண்டன்சர் மீதே விழ வேண்டும். எஞ்சின் ஓடும்போது பாயிண்ட்டின் இடையே பெரிய பொறி தெரிந்தாலும், பாயிண்ட் முகங்கள் விரைவில் குழி விழுந்து கருத்தாலும் கண்டன்சர் முடிந்துவிட்டது. இதை மாற்றும்போதே பாயிண்ட் இடைவெளியையும் சரி பார்க்கவும். பெரும்பாலான வண்டிகளில் அது 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்கும். உராயும் கட்டை தேயத் தேய இந்த இடைவெளி சுருங்கி, டைமிங் (பொறி எழும் நேரம்) பின்னுக்குப் போய், எஞ்சின் வழக்கத்துக்கு மேல் சூடாகும்.

இருமி, இழுத்து, மெல்ல நின்றால்

பொறி நன்றாக இருந்து, எஞ்சின் சில நொடிகள் தடுமாறிய பிறகு நின்றிருந்தால் பெட்ரோல் போதவில்லை என்றோ, அளவுக்கு மிஞ்சிவிட்டது என்றோ பொருள். இவ்விரண்டையும் பிரிக்கச் சோக்கே போதும். தடுமாற்றம் தொடங்கும் அந்த நொடியில் சோக்கைப் பாதி இழுக்கவும். எஞ்சின் தேறினால் பெட்ரோல் பற்றாக்குறை. மேலும் மூச்சுத் திணறினால் பெட்ரோல் மிகை. பிளக்கும் இதற்குச் சாட்சி சொல்லும்: பற்றாக்குறையில் உலர்ந்து வெளுத்திருக்கும், மிகையில் கரி படிந்தோ நனைந்தோ இருக்கும்.

பற்றாக்குறையின் மிகச் சாதாரணமான காரணம் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபடுவது. பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வழி அடைபட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இது நேர்வதாலும், நிறுத்திவைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்ச் சரியாகிவிடுவதாலும், உண்மையில் சூட்டோடு தொடர்பே இல்லாத இந்தக் கோளாறு சூட்டுக் கோளாறு போலவே வேடமிடுகிறது. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று இழுபட்டு, வண்டி உடனே கிளம்பினால் வேறு எங்கும் தேட வேண்டாம். மூடியின் துளையைச் சுத்தம் செய்து, வாயால் ஊதிப் பார்த்து உறுதி செய்துகொள்ளவும்.

அது இல்லையென்றால், நின்ற உடனே கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்க்கவும். சைலன்சர் குழாய் கொதிக்கும் நிலையில் இருக்கும் என்பதால் சிறிய குழாய் ஒன்றைப் பொருத்தி, பெட்ரோல் அதன்மேல் சொட்டாதபடி செய்ய வேண்டும். கிண்ணம் நிறைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேர்வதில் குறையில்லை. பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகளான ஜெட்டுகளையோ வேறு காரணத்தையோ பார்க்கலாம். காலியாக இருந்தால் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பார்க்கவும். குழாயைக் கார்புரேட்டரிலிருந்து கழற்றிக் குப்பியில் விட்டால், மூடி மூடியிருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் தடையின்றிப் பாய வேண்டும். ரிசர்வில் பாய்ந்து, வழக்கமான நிலையில் சொட்டினால், பெட்ரோல் டேப்பின் உயரமான குழலைச் சுற்றிய வலை துருவால் அடைந்திருக்கிறது. டேப்பிலிருந்து நன்றாகப் பாய்ந்தும் கிண்ணம் நிறையவில்லையென்றால், கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டோ அதன் ஊசியோ சிக்குகிறது. குப்பியின் அடியில் தனியாக உருளும் முத்துகளைக் கண்டால் அது தண்ணீர். செந்நிறப் பொடியைக் கண்டால் டேங்கின் உட்புறம் துருப்பிடித்திருக்கிறது. துருப்பிடித்த டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் வாரக்கணக்கில் மட்டுமே நிம்மதி கிடைக்கும்.

சில வண்டிகளில் எஞ்சினின் உறிஞ்சலால் திறக்கும் டேப் இருக்கும். அதற்குள் உள்ள மெல்லிய படலம் கிழிந்தால், உறிஞ்சல் குழாய் வழியாகவே பெட்ரோல் நேராக எஞ்சினுக்குள் போய் மிகையை உண்டாக்கும். அந்தச் சிறிய குழாயைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே ஈரம் இருந்தால் படலத்தை மாற்ற வேண்டும். மிகைக்கான மற்றக் காரணங்கள் முழுமையாகத் திரும்பாத சோக், அடைந்த ஏர் ஃபில்டர், உயர்ந்துவிட்ட ஃப்ளோட் மட்டம், நாள்பட்டுத் தேய்ந்த நீடிலும் நீடில் ஜெட்டும். குளிர்ந்த எஞ்சினுக்கு மிகையான பெட்ரோல் தேவைப்படுவதால் இவை காலையில் குறையாகவே தெரிவதில்லை. சூடேறிய பிறகுதான் வெளிப்படுகின்றன.

ஓடும்போது நன்றாக இருந்து, ஐட்லிங்கில் மட்டும் நின்றால்

இங்கே ஐட்லிங்குக்கான பெட்ரோலைத் தரும் ஸ்லோ ஜெட்டும் காற்றுக் கசிவும்தான் முக்கியச் சந்தேகங்கள். ஸ்லோ ஜெட்டின் துளை ஊசி முனையை விடச் சிறியது. பெட்ரோல் உலர்ந்து விட்டுப்போன பிசினே அதை அடைக்கப் போதும். அதைக் கம்பியால் குத்தாமல், கரைப்பானில் ஊறவைத்து, காற்றால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி துளையைப் பெரிதாக்கிவிட்டால் அந்த ஜெட் பயனற்றதாகிவிடும்.

கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பர் பழையதானால் இறுகி, வெடிப்பு விடும். குளிரில் மூடியிருக்கும் வெடிப்பு சூட்டில் திறந்து, அளக்கப்படாத காற்றை உள்ளே விடும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நின்று, பின்னர் திடீரென விழுந்து அணைவது இதன் அடையாளம். ஐட்லிங்கில் ஓடும்போது ரப்பரின் மீதும் இணைப்பு வளையத்தின் மீதும் தண்ணீரை மென்மையாகத் தெளித்தால், கசிவு இருக்கும் இடத்தில் எஞ்சினின் ஓசை மாறும். பலர் இதற்கு எளிதில் தீப்பிடிக்கும் தெளிப்பான்களைப் பயன்படுத்துகிறார்கள். சூடான எஞ்சினின் அருகில் அது தேவையற்ற ஆபத்து, தண்ணீரே போதுமானது.

கலவைத் திருகைச் சரிசெய்யும்போது அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும் திருகு. உள்ளே திருகினால் கலவை செறிவாகும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. உள்ளே திருகினால் கலவை மெலியும். இந்த வேறுபாடு தெரியாமல் எதிர்த்திசையில் திருப்பி, நல்ல கார்புரேட்டரைக் குறை சொல்பவர்கள் உண்டு. மெல்ல முழுதும் மூடி, பின் ஒன்றரை முதல் இரண்டரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில், சீராக ஓடும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஐட்லிங் வேகத்தையும் சூட்டில்தான் வைக்க வேண்டும். காலைக் குளிரில் வைத்த அளவு பொருந்தாது.

ஐட்லிங்கில் நிற்கிறதென்றால் அந்தத் திருகைக் கூட்டிவிட்டால் போயிற்று என்று வண்டியை அனுப்பிவிடும் வழக்கத்தை நான் மனமார எதிர்க்கிறேன். அது நோயைக் குணப்படுத்துவதன்று, வலியை மறைப்பது. அப்படி மறைக்கப்படுவது பெரும்பாலும் அடுத்துச் சொல்லப்போகும் கோளாறாகவே இருக்கும். அது மறைக்கப்பட்டால் வால்வு கருகிப் போகும்.

பொறியும் பெட்ரோலும் இருந்து, கிக்கர் மட்டும் லேசாக இறங்கினால்

என்னிடம் இருந்த பழைய வண்டி ஒன்று ஏறக்குறைய ஓராண்டுக்கு இப்படிச் செய்தது. காயில், சிடிஐ, கார்புரேட்டர் மூன்றும் மாற்றப்பட்டிருந்தன. மூன்றும் புதியவையாக இருந்தும் அது நின்றது. ஒருநாள் நின்ற உடனே கிக்கரைக் கையால் அழுத்தியபோது, எதிர்ப்பே இல்லாமல் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. மறுநாள் காலை, வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பெட்டின் மூடியைத் திறந்து பார்த்தால், எக்ஸாஸ்ட் வால்வில் மிக மெல்லிய தகடு கூட நுழையவில்லை. இடைவெளியைச் சரிசெய்த பத்து நிமிட வேலையில் ஓராண்டுத் துன்பம் தீர்ந்தது.

இது நிகழும் விதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வால்வின் முகம் அதன் இருக்கையில் கோடிக்கணக்கான முறை மோதுவதால், இரண்டும் தேய்ந்து, வால்வு சிறிது சிறிதாகச் சிலிண்டர் தலைக்குள் மேலேறுகிறது. அதனால் டேப்பெட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்குகிறது. குளிரில் இம்மியளவு மிச்சமிருக்கும். சூட்டில் தண்டு நீளும்போது அதுவும் மறைந்து, வால்வு முழுதாக மூடாமல் தொக்கி நிற்கும். அழுத்தம் கசிந்து ஐட்லிங் முதலில் போகும், பிறகு கிளம்புவதே போகும். அதோடு முடிவதில்லை. வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையில் அமரும் கணத்தில்தான் தலைக்குக் கடத்துகிறது. அமராத வால்வு ஆறாது, ஆறாத வால்வு மேலும் நீளும், நீண்டது கருகும். டேப்பெட் சிறிதளவு தட்டும் ஓசை கேட்கும் வண்டியை விட, ஓசையே அடங்கிப்போன பழைய வண்டிதான் எனக்குக் கவலை தருகிறது.

இடைவெளியை எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, முந்தைய இரவு நிறுத்திய வண்டியில் அளப்பதே சரி. பிஸ்டன் மேல் எல்லையில் இருப்பதைக் காட்டும், மேக்னெட்டில் உள்ள டி (T) குறியைச் சுட்டிக்கு நேராகக் கொண்டுவந்து, வால்வுகளை இயக்கும் இரண்டு ராக்கர்களும் சிறிது ஆடுகின்றனவா என்று பார்க்கவும். ஆடாவிட்டால் அது, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் அழுத்த முடிவன்று. இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். சிறிய எஞ்சின்கள் பலவற்றில் இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கும் என்றாலும், உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் எண்ணே இறுதியானது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு லேசான பிடிப்போடு நுழைந்து வர வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகு நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளக்காமல் மூடியைப் போடாதீர்கள்.

இடைவெளி சரியாக இருந்தும் சூட்டில் அழுத்தம் குறைந்தால், அழுத்தமானியைப் பிளக் துளையில் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து உதைத்து அளக்கவும். பின்னர் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலைச் சிலிண்டருக்குள் விட்டு மறுபடி அளக்கவும். எண் தெளிவாக உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துள்ளன. உயராவிட்டால் வால்வு இருக்கையையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும். இரண்டிற்கும் எஞ்சினைப் பிரிக்காமல் தீர்வில்லை.

சக்தி குறைந்து, இறுகி நின்றால்

இந்த ஒன்றில் மட்டும் சோதனைக்கு அவசரம் கூடாது. எஞ்சின் இறுகுவதை உணர்ந்த உடனே கிளட்ச்சைப் பிடித்து, ஓரம் கட்டி, முழுதும் ஆறவிடவும். சூட்டோடு உதைப்பது பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்துக் கீறும். ஆயில் அளவு, மெலிந்த கலவை, தவறிய டைமிங், குளிர்த் தகடுகளை மூடிய சேறு ஆகியவை வழக்கமான காரணங்கள். மைய ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களைக் கையால் சுற்றியும் பார்க்கவும்: விடுபடாமல் உரசும் பிரேக், எஞ்சினைத் தேவையின்றி வாட்டி, எஞ்சின் கோளாறு போலவே தோன்றும். தண்ணீரால் குளிரும் வண்டியில், ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பம்பையும், கிராங்க் தண்டின் இரு முனைகளில் உள்ள சீல்களையும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். மேக்னெட் பக்கச் சீல் இறுகிப்போனால் காற்றை உறிஞ்சிக் கலவையை மெலிவாக்கும். கிளட்ச் பக்கச் சீல் விட்டால் கியர் ஆயிலை இழுத்து வெண்புகை கக்கும்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள வண்டியாக இருந்தால், எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டும் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு கையேட்டில் ஒப்பிடுவதே முதல் வேலை. அங்கே எஞ்சின் வெப்ப உணரியும், கிராங்க் நிலை உணரியும், பெட்ரோல் பம்பும்தான் சூட்டில் ஏமாற்றுபவை.

சரியாகிவிட்டதா என்று உறுதி செய்தல்

ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்து, அதன் பிறகு ஓட்டிப் பார்க்கவும். இரண்டு பாகங்களை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமலே போய்விடும். கழற்றிய பழைய பாகத்தைக் குறிப்பெழுதிப் பத்திரப்படுத்தவும். குற்றமற்றது என்று பின்னால் தெரிந்தால் அதையே திரும்பப் பொருத்தலாம்.

வண்டி முன்பு நின்ற அதே தூரத்துக்கும் அப்பால் ஓட்டி, இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு அணைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருக்கவும். ஓடும்போது வீசிய காற்று நின்றுபோனதும் எஞ்சினின் சூடு மேலே ஏறி, காயிலையும் கார்புரேட்டரையும் ஓடும்போது இருந்ததை விட அதிகமாகச் சூடேற்றும். பழுதான பாகம் எதுவும் மிச்சமிருந்தால் இந்த நேரத்தில்தான் வெளிப்படும். அந்த நிலையில், சோக் இழுக்காமல், ஓரிரு உதையில் கிளம்பி, ஐட்லிங்கிலும் நிலையாக நிற்கும் வண்டியில் மேற்கொண்டு தேட எதுவும் இல்லை.